சீக்குக் கோழி கற்றுத் தரும் பாடம்

வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் மாணவனைப் பார்த்து, "என்னப்பா, சீக்கு வந்த கோழி மாதிரி தூங்குகிறாய்?" என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த உவமையைக் கேட்காத பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இருக்குமா என்பது சந்தேகமே. சரி, உண்மையிலேயே சீக்கு வந்த கோழி ஒன்றை நம்மில் எத்தனை பேர் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறோம்?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். காலையில் கூடையைத் திறந்ததும் மற்றக் கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஓரமாக நிற்கிறது. இறகு சிலிர்த்திருக்கிறது, கண் செருகுகிறது. உடனே ஒருவர், "வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இன்னொருவர், யாருக்கோ எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கோழியின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். மூன்றாமவர், "செத்தால் காசு போய்விடும். இன்றைக்குச் சந்தை, கொண்டுபோய்த் தள்ளிவிடு" என்கிறார்.

இந்த மூன்று செயல்களுக்கும் அடிப்படை ஒரே தவறுதான் என்பது என் கருத்து. பார்ப்பதற்கு முன்பே நோய்க்குப் பெயர் வைத்துவிடுகிறோம்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். கோழி வைத்தியம் பேச உனக்கென்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். மருந்து எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அளப்பது, ஒப்பிடுவது, குறித்து வைப்பது, அவசரப்பட்டு முடிவு கட்டாமல் இருப்பது ஆகியவை எல்லா அறிவியலுக்கும் பொதுவானவை. கோழி நோயுறும்போது வீட்டில் குறைவாக இருப்பவையும் இவையே.

'ஒரு கோழிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று சிரிக்க வேண்டாம். பல வீடுகளில் கோழி என்பது அம்மாவுடைய, பாட்டியுடைய சிறுவாடு. முட்டை விற்ற காசு நோட்டுப் புத்தகமாகிறது. ஒரு சேவல் பண்டிகைத் துணியாகிறது. ஒரே வாரத்தில் கூடை காலியானால் அந்த வீட்டில் காலியாவது ஒரு சேமிப்புப் பெட்டி.

வாயில்லாத நோயாளி

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறோம். கோழியோ வாயில்லா ஜீவன். போதாக்குறைக்கு, அது தன் நோயை மறைக்கவும் செய்கிறது. பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும் பிராணி, தளர்ச்சியை வெளியே காட்டினால் பிழைக்க முடியாது. ஆகவே நம் கண்ணில் படும் அளவுக்குக் கோழி சோர்ந்துவிட்டது என்றால், நோய் சில நாட்களுக்கு முன்பே தொடங்கியிருக்கக்கூடும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: நோயை அறிய வேண்டுமானால், நலமாக இருக்கும் கோழியை முதலில் அறிந்திருக்க வேண்டும். அதன் கொண்டை என்ன நிறம்? அது மூச்சு விடும்போது வாய் மூடியிருக்கிறதா? மாலையில் கழுத்துக்கு அடியில் புடைத்திருக்கும் தீனிப்பை, மறுநாள் காலையில் காலியாகிவிடுகிறதா? இவை தெரியாதவருக்கு, நோயின் அறிகுறி கண் முன்னே நின்றாலும் தெரியாது.

எச்சத்தையே எடுத்துக்கொள்வோம். கோழியின் எச்சத்தில் பழுப்பான பகுதியின் மேல் வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல ஒரு பகுதி இருக்கும். அது என்ன? நம் உடல் கழிவு நைட்ரஜனை யூரியாவாக நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறது. பறவையின் சிறுநீரகம் அதையே யூரிக் அமிலமாக, வெள்ளைக் கூழாக வெளியேற்றுகிறது. நீரைச் சேமிக்க இயற்கை கண்ட வழி இது. எனவே எச்சத்தில் வெள்ளை இருப்பது நலத்தின் அடையாளமே. 'வெள்ளை தெரிந்தது, ஆகவே வெள்ளைக் கழிச்சல்' என்பது தவறான முடிவு. அதே போல, இரண்டு நாள் இரை எடுக்காத கோழியின் எச்சம் பித்தநீரால் பச்சையாக இருக்கும். பச்சை நிறம் 'கோழி சாப்பிடவில்லை' என்று சொல்கிறது. ஏன் சாப்பிடவில்லை என்று அது சொல்வதில்லை.

கையா, வெப்பமானியா?

கோழியின் இறக்கைக்கு அடியில் கையை வைத்துப் பார்த்து, "அனலாகக் கொதிக்கிறது, கடுங்காய்ச்சல்" என்பார்கள். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். உள்ளங்கையின் தோல் அதைவிடச் சில டிகிரி குறைவு. நலமான கோழியின் உடலோ ஏறத்தாழ 41 டிகிரி. மனிதனுக்கு அந்த வெப்பநிலை வந்தால் மருத்துவமனைக்கு ஓடுவோம். கோழிக்கு அது அன்றாட நிலை. ஆகவே எந்தக் கோழியைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். கை உணர்வது வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே.

அப்படியானால் கையால் பயனே இல்லையா? உண்டு. சோர்ந்த கோழியையும், அதே கூடையிலுள்ள நலமான கோழியையும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்தால் அது செய்தி. ஒன்றை மட்டும் தொட்டுச் சொல்வது வெறும் ஊகம்.

எடையையும் கண்ணால் அளக்க முடியாது. சிலிர்த்த இறகு மெலிவை மறைத்துவிடும். கோழியை ஒரு துணிப்பையில் தலை வெளியே தெரியும்படி வைத்துத் தராசில் நிறுத்துங்கள். பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்தால்தான் ஒப்பிட முடியும். திங்கட்கிழமை 1,400 கிராம் இருந்த கோழி புதன்கிழமை 1,310 கிராம் என்றால், அது எவ்வளவு தெம்பாக நடந்தாலும் நிலைமை மோசம். எடை நின்று, மெல்ல ஏறத் தொடங்கினால், அது படுத்தே கிடந்தாலும் நம்பிக்கை வைக்கலாம்.

குடிக்கும் நீரையும் அளக்கலாம். காலையில் 300 மில்லிலிட்டர் அளந்து ஊற்றி, மாலையில் மீதியை அளந்தால் போதுமா? வெயிலில் ஆவியான நீரும் கோழியின் கணக்கில் சேர்ந்துவிடுமே! அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றில் அதே அளவு நீரைக் கோழிக்கு எட்டாமல் பக்கத்தில் வையுங்கள். அதில் குறைந்ததைக் கழித்தால் கோழி குடித்தது கிடைக்கும். பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் செய்யும் எந்தச் சோதனைக்கும் இது குறைந்ததன்று.

தோற்றம் ஒன்று, காரணம் பல

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இரை எடுக்காமல், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு என்ன நோய்? இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஒருவேளை அது அடைக்கோழியாக இருக்கலாம். அடைக்கு உட்காரும் கோழி இரையைக் குறைக்கும். தொட்டால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். நாளுக்கு ஓரிரு முறைதான் எழுந்து போகும். இது நோயே இல்லை.

கோடைப் பகலில் அது வாயைத் திறந்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி, வேகமாக மூச்சு வாங்கினால், வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சுப் பாதையிலிருந்து நீரை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிரச் செய்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அந்தக் கோழிக்கு வேண்டியவை நிழலும் குளிர்ந்த நீரும். காய்ச்சல் என்று நினைத்து அதைச் சாக்குப்பையால் மூடினால் கொன்றுவிடுவோம்.

முட்டையிடும் பெட்டை அடிக்கடி கூட்டுக்குப் போய், வாலைத் தாழ்த்தி, முக்கி முக்கிச் சோர்ந்து திரும்பினால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். இளஞ்சூடான நீரில் அதன் பின்பாகம் நனையும்படி சிறிது நேரம் உட்கார வைப்பது உதவலாம். முட்டையைப் பிடித்து இழுப்பதோ உள்ளே உடைப்பதோ கூடவே கூடாது. அன்றைக்குள் முட்டை வரவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

குஞ்சுகள் கூனிக்குறுகி நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், இரத்தக் கழிச்சல் என்று சந்தேகிக்கலாம். இதை உண்டாக்குவது ஓரணு உயிரி ஒன்று. ஈரமான தரையில் அது பெருகும். கொண்டையிலும் தாடியிலும் கறுத்த பொருக்குகள் இருந்தால் அம்மை. இறக்கைக்கு அடியில் பேனும் உண்ணியும் மொய்த்தால், இரத்தம் இழந்தே கோழி வெளுத்துப் போகும். காலையிலும் தீனிப்பை கல்லாக இருந்தால் அங்கே அடைப்பு.

கழுத்து முறுக்கிக்கொண்டு, மூச்சுத் திணறி, காலும் இறக்கையும் விழுந்து, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கூடையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும்போதுதான் வெள்ளைக் கழிச்சல் என்ற எண்ணம் வலுப்பட வேண்டும். இமயமலை அடுக்கிலுள்ள ராணிகேத் என்ற ஊரின் பெயரால் நம் நாட்டில் வழங்கும் நோய் இது. 1926ஆம் ஆண்டிலேயே இது ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் காணப்பட்டது. ஆகவே உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது.

ஒரே தோற்றத்துக்கு எத்தனை காரணங்கள் பார்த்தீர்களா? அடைக்கோழிக்கு எதுவும் வேண்டாம். வெயிலில் தவிக்கும் கோழிக்குக் குளிர்ச்சி வேண்டும். நோயுற்ற கோழிக்குக் கதகதப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பெயர் தெரியாமலே பேணலாம்

"நோய் இன்னதென்று தெரியும்வரை கைகட்டி நிற்பதா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். நோயின் பெயர் தெரியாமலேயே செய்யக்கூடிய பணிகள் நான்கு இருக்கின்றன. பெயர் தெரிந்த பிறகு மட்டுமே செய்ய வேண்டியது ஒன்று: மருந்து கொடுப்பது. நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

முதலாவது, தனிமை. சோர்ந்த கோழியை உடனே வேறு கூடையில் கவிழ்த்து, மற்றவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். அதற்குத் தனி நீர்க்கிண்ணம். நலமான கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதை கடைசியில் தொடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறையும் படுக்கையறையும் இதற்கு இடமல்ல.

இரண்டாவது, கதகதப்பு. குளிர்ந்த கோழி ஏன் இறகைச் சிலிர்க்கிறது? இறகுகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடிக்கத்தான். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளியின் இரகசியமும் இதுவே. மழைக்கால இரவில் வெளியே 24 டிகிரி. கோழி 41 டிகிரி. வேறுபாடு 17. கூடைக்குள் 31 டிகிரி இருக்கும்படி செய்தால் வேறுபாடு 10. வெப்ப இழப்பு ஏறத்தாழ வேறுபாட்டுக்கு ஏற்றபடி அமையும் என்ற நியூட்டனின் விதிப்படி, இழப்பு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. கோழி பித்தளைக் குண்டு இல்லை. ஆகவே இது தோராயக் கணக்குத்தான். ஆனால் இரை எடுக்காத கோழிக்கு அந்த மிச்சம் பெரிய உதவி. 40 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கூடையின் ஒரு பக்கத்தில் மட்டும், வைக்கோல் படாதபடி தொங்கவிடலாம். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். இப்போது வீடுகளில் உள்ள எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது மின்சாரத்தை வீணாக்காததால் போதிய சூடு தராது! பல்பு இல்லையேல், வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள்.

மூன்றாவது, நீர். கழிச்சல் உள்ள கோழி பெரும்பாலும் நீரிழப்பால்தான் சாய்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியை அட்டையில் சொன்ன அளவு நீரில் கரைத்து வைக்கலாம். உப்பைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீர்கள். அதிக உப்பு கோழிக்கு நஞ்சு. குடிக்கவில்லை என்றால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்து, அது விழுங்கும்வரை காத்திருங்கள். கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போகும். 'மருந்து கொடுத்தும் செத்துவிட்டது' என்ற கோழிகளில் சில, மருந்து கொடுத்த முறையினால் செத்தவை.

நான்காவது, எளிய இரையும் உலர்ந்த படுக்கையும். குழைந்த சோறு, நொறுக்கிய கம்பு அல்லது கேழ்வரகு, சிறிது தவிடு. சிறிதளவாகப் பலமுறை வையுங்கள். ஈரமான வைக்கோலை அன்றன்றே மாற்றுங்கள்.

பாஸ்டர் காட்டிய மூன்று கோழிகள்

"எங்கள் பாட்டி மஞ்சளும் சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்துக் கொடுத்தார், கோழி பிழைத்தது" என்று சிலர் சொல்வார்கள். நான் பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறவன் அல்லன். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவனும் அல்லன். என் கேள்வி ஒன்றே: கொடுக்காமல் விட்ட கோழிக்கு என்ன ஆயிற்று? ஆங்கில மருந்துக்கும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியின் வலிமையை லூயி பாஸ்டர் கோழிகளை வைத்தே உலகுக்குக் காட்டினார். ஆட்டையும் மாட்டையும் கொல்லும் அடைப்பான் நோய் கோழிக்கு வருவதில்லை. அதன் உடற்சூடுதான் காரணமோ என்று அவர் ஐயுற்றார். 1878 மார்ச் மாதத்தில் பாரிஸ் மருத்துவக் கழகத்தின் முன் மூன்று கோழிகளைக் கொண்டுவந்தார். ஒன்றுக்கு அடைப்பான் கிருமியை ஊசியால் செலுத்தி, அதன் கீழ்ப்பாகத்தை 25 டிகிரி நீரில் வைத்து உடற்சூட்டை 37, 38 டிகிரிக்கு இறக்கியிருந்தார், அது இறந்திருந்தது. இன்னொன்றுக்குக் கிருமி மட்டும், நீர் இல்லை. மூன்றாவதற்கு நீர் மட்டும், கிருமி இல்லை. பின்னிரண்டும் உயிரோடு இருந்தன. கிருமியும் குளிர்ச்சியும் சேர்ந்தபோதுதான் கோழி இறந்தது என்பதை எவராலும் மறுக்க முடியவில்லை. வேறொரு கோழியைக் கிருமி செலுத்திக் குளிர வைத்து, நோய் கண்டதும் வெளியே எடுத்துக் கதகதப்பாக வைத்தார், அது பிழைத்துக்கொண்டது.

குளிர்ச்சி கோழியின் எதிர்ப்பாற்றலையும் குறைத்திருக்கும் என்பதால், விளக்கம் அவர் எண்ணியதைவிடச் சிக்கலானது. ஆனால் சோதனை முறை இன்றும் மாறவில்லை. மூன்றில் ஒரு கோழி குறைந்திருந்தாலும் அவருடைய வாதம் நின்றிருக்காது. கதகதப்பு எல்லா நோயையும் தீர்க்கும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஒப்பிடாமல் எதையும் நம்பாதீர்கள் என்பதே பொருள்.

'நேற்று என்ன மாறியது?'

ஒப்பிடுவதோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். நோய் வருவதற்கு முன் கோழியின் வாழ்வில் என்ன மாறியது என்று கேட்பது. இதற்குச் சான்று ஜாவாத் தீவிலிருந்து கிடைக்கிறது.

1880களின் இறுதியில், அப்போதைய டச்சு ஆட்சிக்கு உட்பட்ட பட்டேவியா நகரில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர் பெரிபெரி நோய்க்கான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று தள்ளாடி நடந்து, கால் விழுந்து சாயத் தொடங்கின. கிருமி செலுத்திய கோழிகளுக்கும் நோய். செலுத்தாத கோழிகளுக்கும் நோய்! ஒப்பீட்டுக் கோழிகள் இல்லாதிருந்தால் கிருமிதான் காரணம் என்று எழுதி முடித்திருப்பார். சில மாதங்களில் கோழிகள் தாமே தேறிவிட்டன. என்ன மாறியது என்று விசாரித்தபோது, நோய் இருந்த நாட்களில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததால், தீட்டாத அரிசிக்கு மாறியிருந்தார்கள். அந்தச் சிறு செய்தியைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆய்வு, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினுக்கு வழிகாட்டியது. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் வீட்டுக் கேள்விகள் இவை: தீனி மாறியதா? புதுக்கோழி ஏதேனும் வந்ததா? பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய்ந்ததா? மழையில் கூடை நனைந்ததா?

மருந்தும் அதன் எல்லையும்

வெள்ளைக் கழிச்சலும் அம்மையும் வைரசால் வருபவை. ஆன்ட்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை எதிர்ப்பவை. வைரசை ஒன்றும் செய்யா. மிஞ்சிய மாத்திரையைத் தவறான அளவில், தவறான நோய்க்குக் கொடுத்தால் கோழிக்கு நன்மை இல்லை. அதன் குடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகாதவை மட்டும் எஞ்சிப் பெருகும். எச்சம் வழியே அவை மண்ணுக்கும் நீருக்கும் நமக்கும் வரும். மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்ததும் இந்த அச்சத்தால்தான். மருந்து கொடுத்த கோழியின் முட்டையிலும் இறைச்சியிலும் மருந்து சில நாள் தங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே மருந்தைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். உங்கள் குறிப்பேட்டைக் காட்டினால் அவருடைய வேலை பாதியாகும்.

வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாகவும், எட்டாவது வார வாக்கில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசியாகவும் போடுவது வழக்கம். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாத வாக்கில் கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கென்றே முகாம் நடத்துவதுண்டு. நலமான கோழியை யாரும் முகாமுக்குத் தூக்கிப் போவதில்லை. நோய் வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்போது தடுப்பூசியால் பயன் இல்லை.

வீட்டுப் பராமரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்றிரண்டு நாட்களில் பல கோழிகள் திடீரென்று செத்தால், தலை வீங்கிக் கொண்டை நீலம் பாய்ந்தால், உங்கள் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்துங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்ட நோய் அது. மனிதரையும் தாக்க வல்லது. செத்த கோழியைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், குளத்தில் வீசாதீர்கள். பெரியவர்களிடமும் கால்நடை மருந்தகத்திலும் உடனே சொல்லுங்கள்.

இனி அந்தச் சந்தைப் பேச்சு. சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளுபவர் நூறோ இருநூறோ மிச்சம் பிடிக்கிறார். வாங்கியவர் அதைத் தம் கூடையில் விடுகிறார். நோயின் அறிகுறி வெளிப்பட ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் அந்தத் தெரு முழுவதும் பரவிவிடுகிறது. அங்கேயும் யாரோ ஒரு பாட்டியின் சிறுவாடுதான் அழிகிறது. நம் வீட்டுக்கு நோய் வந்த வழியும் இப்படித்தான் இருந்திருக்கும். எனவே சோர்ந்த கோழியை விற்காதீர்கள். வாங்கி வந்த புதுக்கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள்

மாணவ நண்பர்களே, இன்றே ஒரு பழைய நோட்டை எடுங்கள். தேதி, எடை, குடித்த நீர், எடுத்த இரை, எச்சம், கொண்டை நிறம், ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை என்று கட்டம் போடுங்கள். கைப்பேசி இருந்தால் நாளுக்கு ஒரு படம். கோழி நலமாக இருக்கும்போதே தொடங்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பூட்டிய அலமாரியில் இருக்கும் கருவிகளை ஆண்டுக்கொரு முறை எடுத்து, விடை முன்பே தெரிந்த சோதனையைச் செய்ய வைத்து மதிப்பெண் போடுகிறோம். விடை தெரியாத ஒரு கேள்வியை ஒரு மாணவி மூன்று வாரம் தன் கொல்லைப்புறத்தில் தொடர்ந்து எழுதிய நோட்டுக்கும் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கொடுத்தால் என்ன? அதில் கோழி பிழைத்ததா, செத்ததா என்பதைப் பார்க்க வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருக்கிறாளா, எதோடு ஒப்பிட்டாள், எப்போது மருத்துவரிடம் போனாள் என்று பார்த்தால் போதும்.

எல்லாக் கோழியும் பிழைக்காது. கவனமாகப் பேணியும் சில சாகும். அப்போது அந்த நோட்டை மூடிவிடாதீர்கள். கூடையில் மீதமிருக்கும் கோழிகளுக்கு அது தேவைப்படும்.